ஜவ்வரிசி கால் தூக்கிய ஆடி மாதம்

எங்கள் வீட்டில் டீ வடிகட்டி இரண்டு உண்டு. ஒன்று டீக்கு. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய இன்னொன்று, ஜவ்வு நனைத்த பாசிமணிகளை அலசுவதற்கு. விருந்தாளி யாராவது "நான் டீ போடறேன், நீங்க உட்காருங்க" என்று சமையலறைக்குள் நுழைந்தால் எனக்கு முதலில் அந்தச் சிவப்பு நூல்தான் ஞாபகம் வரும். ஓடிப் போய் அதை எடுத்து ஒளித்துவிடுவேன்.

ஜவ்வு எங்கள் நாய். முழுப்பெயர் ஜவ்வரிசி. வெள்ளை வெளேரென்று உருண்டையாக ஒரு பொமரேனியன் குட்டியைச் சேலத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தால் வேறு என்ன பெயர் வைக்கும்? ஐந்து வயது வரை வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. விடியற்காலை, சாயங்காலம், இரவு படுக்கும் முன் என்று மூன்று நடை. மழை கொட்டினால்கூடத் திண்ணையில் நின்று என் முகத்தைப் பார்ப்பானே தவிர உள்ளே போக மாட்டான். இந்தப் பெருமையைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதனால்தான் திருஷ்டி பட்டது என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறார்.

நான் சேலம் அம்மாபேட்டையில் வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறேன், அதாவது பிளவுஸ் துணியில் கொக்கி ஊசியால் மணியும் ஜரியும் வைத்துத் தைப்பது, பதினோரு வருஷமாக. பழைய வீடு, சிவப்பு காவித் தரை. முன்னறை முழுக்க என் கடைதான்: ஆரி ஸ்டாண்டு, அதற்குப் பக்கத்தில் தையல் மிஷின், மூலையில் பீரோ, தரையோடு தரையாகக் கூடைகளில் ஜரி, ஜர்தோசி, சம்கி, குந்தன், கட் பீட்ஸ். வீட்டுக்காரருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. இரண்டு பேருமே கண்ணைக் கெடுத்துக்கொண்டு சோறு தின்கிறோம்.

போன வருஷம் வைகாசியில் மிளகு வந்தான். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் கொழுந்தனார் வீட்டு நாய் போட்ட குட்டி. கன்னங்கரேல் என்று இருந்ததாலும் மிளகுக்கொடிக்கு அடியில் பிறந்ததாலும் அந்தப் பெயர். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிவதற்குள் என் மடியில் மூன்று முறை வாந்தி எடுத்தான். வீட்டுக்குள் வந்ததும் ஜவ்வு அவனை மோந்து பார்த்தான், விலகிப் போனான். சண்டை இல்லை, உறுமல் இல்லை. நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்து பத்து நாள் இருக்கும். ஸ்டாண்டு காலுக்குக் கீழே நாலு சொட்டு. மிளகு குட்டிதானே, அவன்தான் என்று துடைத்துவிட்டேன். மறுநாள் பீரோ மூலையில். அதற்கடுத்து மிஷின் காலில், ஒரு முழ உயரத்தில். அங்கேதான் எனக்கு உறைத்தது. குட்டி உட்கார்ந்து போவான், அதுவும் தரையில் குளம் கட்டும். இது செங்குத்தாக, கொஞ்சமாக, கால் தூக்கித் தெளித்தது. பெரியவன் வேலை.

அப்புறம் ஆடி வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் ஆரி வேலைக்காரிகளுக்கு அதுதான் சீசன். ஆவணி முகூர்த்தத்துக்கான பிளவுஸ்கள் எல்லாம் ஆடியில் வந்து குவியும். அதோடு சேலத்தில் ஆடிப் பண்டிகை. மாரியம்மன் கோயில் இருக்கும் தெருவெல்லாம் மேளம், மைக் செட், பட்டாசு. சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள், செருப்பும் பையும் வாசல் நிறைய. அந்த மூன்று வாரத்தில் ஜவ்வு நனைத்தவற்றின் கணக்கு என் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஜரிக் கூடை இரண்டு முறை. ட்ரேசிங் ஷீட் கட்டு ஒன்று. சுகர் பீட்ஸ் டப்பா, மூடி சரியாகப் போடாதது. சித்தி மகளின் துணிப்பை, ஒரு வாடிக்கையாளரின் துணிப்பை. கடைசியாக, நினைத்தாலே வயிறு கலங்கும் ஒன்று. அதற்கு வருகிறேன்.

முதலில் எதைக் காப்பாற்ற முடிந்தது, எதை முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நாயும் வளர்ப்பவர்களுக்கு அதுதான் முதலில் வேண்டியது.

கண்ணாடி மணிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வடிகட்டியில் போட்டு, துளி ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசி, பேப்பரில் பரப்பிக் காயவைத்தால் போதும். உள்ளே வெள்ளிப் பூச்சு உள்ளவை மட்டும் சில மங்கிவிட்டன. சம்கி பிளாஸ்டிக், அதுவும் தப்பித்தது. குந்தன் தப்பவில்லை. ஈரம் பட்டதும் பின்பக்கப் பூச்சு உரிந்து, கல் குருடாகிவிட்டது. ட்ரேசிங் ஷீட் குப்பைக்கு. ஜரியில்தான் ஒரு வேடிக்கை. விலை குறைந்த பிளாஸ்டிக் ஜரி அலசியதும் புதிதுபோல ஆனது. காசு போட்டு வாங்கி வைத்திருந்த நல்ல ஜரி, செம்புக் கம்பி மேல் பூச்சு ஏற்றியது, ஒரு வாரத்தில் கறுத்து, அங்கங்கே பச்சை பூத்தது. வீட்டுக்காரர் பார்த்ததுமே சொன்னார், "மூத்திரத்துல இருந்து அம்மோனியா வருமில்ல, அது செம்பைப் புடிச்சுரும். இதைத் தூக்கிப் போடு, இனி வெளுக்காது." உலோகத்தோடு இருபது வருஷம் கழித்த மனிதர். நானும் தூக்கிப் போட்டேன். நாங்கள் சில்க் த்ரெட் என்று சொல்லும் நூல் பெரும்பாலும் ரேயான்தான். நனைந்தால் அதற்கு வலு போய்விடும், காயும் வரை இழுக்கக் கூடாது. நூல்கண்டாகவே குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் தொங்கவிட்டேன். சிவப்பு மட்டும் சாயம் விட்டது.

தரைதான் பெரிய பாடு. அத்தைக்குத் தெரிந்த ஒரே மருந்து பினாயில். காலையும் மாலையும் ஊற்றித் துடைத்தார். அவர் துடைத்துக் காய்ந்த இடத்தில் ஜவ்வு போய் மறுபடியும் நாலு சொட்டு வைப்பான். நான் ஒரு படி மேலே போய், பிளீச்சிங் பவுடரைக் கரைத்து பீரோ மூலையில் ஊற்றினேன். ஒரு நிமிஷத்தில் கண் எரிந்து, தொண்டை கமறி, எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்தோம். பழைய மூத்திரத்தில் அம்மோனியா இருக்கும், அதோடு பிளீச் சேர்ந்தால் விஷப் புகை கிளம்பும் என்று பிறகுதான் தெரிந்தது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். நான் எதிர்பார்த்தது ஒரு ஊசி, ஒரு மாத்திரை. அவர் கேட்டதோ முழு நீளக் கதை. எவ்வளவு போகிறான், எங்கே, எந்த உயரத்தில், வெளியே போகும்போது ஒழுங்காகப் போகிறானா, தண்ணீர் அதிகம் குடிக்கிறானா. பிறகு மூத்திரம் பிடித்துவரச் சொன்னார். மூத்திரப்பையில் கிருமியோ, சர்க்கரையோ, கல்லோ இருந்தாலும் நாய் வீட்டுக்குள் போகும், அதைப் பார்த்துவிட்டுத்தான் குணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். நியாயம்தான். ஆனால் கால் தூக்கும் நாயிடம் எப்படிப் பிடிப்பது? விடியற்காலை ஐந்தரைக்கு, குழம்புக் கரண்டியோடு அவன் பின்னாலேயே தெருவில் குனிந்து நடந்தேன். எதிர்வீட்டுத் தறிக்கார அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கரண்டி இப்போது செடிக்கு மண் அள்ளுகிறது.

பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை. அப்போதுதான் அவர் விளக்கினார். இது அடக்க முடியாமல் போவதில்லை. அடையாளம் வைப்பது. புது நாய் வந்திருக்கிறது, மேளச் சத்தம், புது ஆட்கள், புதுப் பைகள். தன் இடம் இன்னும் தன்னுடையதுதானா என்ற குழப்பம் வரும்போது தன் வாசனையைத் தெளித்துக்கொள்கிறான். சாயம் போன வீட்டுக்கு நாம் சுண்ணாம்பு அடிப்பதுபோல அவனுக்கு அது. பினாயில் வாசம் நமக்குத்தான் சுத்தம். அவனுக்கு யாரோ வந்து தன் எழுத்தை அழித்துவிட்டுப் போன மாதிரி. கறுப்பு பினாயில் நாய்க்கு விஷமும்கூட, பாதத்தை நக்கினால் உள்ளே போகும். அதை நிறுத்தச் சொன்னார். மூத்திரத்தையும் அதன் நாற்றத்தையும் தின்னும் என்சைம் திரவம் கடையில் கிடைக்கும், அதை ஊற்றி உடனே துடைக்காமல் பதினைந்து நிமிஷமாவது ஊறவிட வேண்டும் என்றார்.

அடிக்கக் கூடாது என்றும் சொன்னார். அத்தை பேப்பரைச் சுருட்டி அடிப்பார். அதன் பலன், ஜவ்வு எங்கள் கண்ணெதிரே வைப்பதை விட்டுவிட்டு பீரோவுக்குப் பின்னால் போய் வைத்தான். நடந்து அரை மணி கழித்து மூக்கைப் பிடித்துக் காட்டித் திட்டினால் எதற்கு என்றே அதற்குத் தெரியாதாம். "இல்லைங்க டாக்டர், தப்புப் பண்ணின மூஞ்சியோடதான் நிப்பான்" என்றேன். "அது உங்க மூஞ்சியைப் பாத்து வர்ற மூஞ்சிம்மா" என்றார்.

எங்கெங்கே வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் இருக்கிறதே, அதை இருட்டில் அடித்தால் காய்ந்த மூத்திரம் மங்கலாக ஒளிரும். பட்டறையிலிருந்து வீட்டுக்காரர் ஒன்றை வாங்கி வந்தார். இரவு பதினோரு மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டார்ச்சை அடித்தோம். வீடே ஒளிர்ந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அப்புறம் பார்த்தால், வெள்ளைத் துணிக்குப் போடும் சோப்புத்தூளும் அப்படித்தான் ஒளிருமாம். கொடியில் காய்ந்த வேட்டி, தலையணை உறை, கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அத்தையின் வெள்ளைச் சேலை எல்லாம் நீலமாக மின்னின. பாப்பா அலறிய அலறலில் அத்தை எழுந்து உட்கார, அவள் இன்னும் அலற, அன்று யாரும் தூங்கவில்லை. ஆனாலும் பிரயோஜனமாக இருந்தது. ஒளிரும் இடத்தைப் பார்த்து, மூக்கை வைத்து உறுதி செய்து, சாக்பீஸால் வட்டம் போட்டோம். பதினேழு வட்டம். நான் நினைத்திருந்தது ஐந்தோ ஆறோ.

என்சைம் திரவம் தரைக்கு நன்றாகவே வேலை செய்தது. காவித் தரை உறிஞ்சி வைத்திருந்ததால் சில இடங்களில் மூன்று முறை ஊற்ற வேண்டியிருந்தது. பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்த நாளில்தான் அந்த மஞ்சள் பை நனைந்தது.

உள்ளே இருந்தது ஒரு காஞ்சிப் பட்டின் பிளவுஸ் பிட். சேலையோடு சேர்ந்து நெய்து வந்தது. கடையில் போய் இன்னொன்று வாங்கவே முடியாது. கல்யாணப் பெண்ணுடையது. பின் கழுத்து வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

கையில் என்சைம் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்தும் விட்டேன். நல்லவேளை, எதிர்வீட்டு அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது. அவர் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்னத்தைத் திங்கும்?" என்றார். மூத்திரத்தில் இருக்கும் புரதம் அது இது என்று நான் உளறினேன். "பட்டே புழு கக்கின புரதம்தான கண்ணு. அதையும் சேத்துத் தின்னா என்ன பண்ணுவ?" அவர் சொன்னது சரி. புரதத்தைத் தின்னும் என்சைம் உள்ள எதுவும் பட்டுக்கும் கம்பளி நூலுக்கும் ஆகாது. பிளீச் அதைவிட மோசம், இழையையே கரைத்துவிடும்.

அவர் சொன்னபடி, தேய்க்காமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தோம். பிறகு பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் முழுத் துணியையும் முக்கினோம். ஒரு இடத்தை மட்டும் நனைத்தால் காய்ந்ததும் வளையம் விழும், முக்கினால் முழுசாக முக்கு என்றார். கடைசி அலசலில் அரை வாளித் தண்ணீருக்கு ஒரு கரண்டி வினிகர். நிழலில் விரித்தோம். நாற்றம் போய்விட்டது. ஆனால் சாய்த்துப் பார்த்தால் ஒரு மங்கிய கறை தெரிந்தது. ஜரியில் ஒன்றும் கறுக்கவில்லை. நனைந்த ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சொல்லலாமா, சொல்லாமல் விடலாமா? அதன் மேல் வேலை போட்டு மறைத்துவிடலாம் என்று ஒரு புத்தி சொன்னது. கல்யாணப் பெண் முதுகில் நாய் மூத்திரக் கறையை நான் பாசிமணி போட்டு அனுப்புவதா? இரவு முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் பெண்ணின் அம்மாவுக்கு போன் போட்டேன். முழுவதையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்த மஞ்சப் பையா?" என்றார். "அதுல எங்க டாமி படுத்திருந்தானுங்க. நாந்தான் உதறிட்டுக் குடுத்தேன்."

போனை வைத்துவிட்டு ஆர்டர் நோட்டைப் புரட்டினேன். அதற்கு முன் நனைந்த துணிப்பைகள் இரண்டு. ஒன்று சித்தி மகளுடையது. அவள் வீட்டில் இரண்டு நாட்டு நாய்கள். இன்னொன்று கொண்டலாம்பட்டி வாடிக்கையாளருடையது. போன் போட்டு நாசூக்காகக் கேட்டேன். நாய் இல்லை, பூனை மூன்று. அந்த மாதம் முன்னறையில் முப்பது பைகளுக்கு மேல் தரையில் கிடந்தன. ஜவ்வு தேடிப் பிடித்து நனைத்தது இந்த மூன்றைத்தான். நான் கொத்தாக அள்ளிவந்து அவன் மூக்கு உயரத்தில் வைத்தவை எல்லாம் அவனுக்கு வேற்று ஆட்கள் எழுதிய கடுதாசி. பதில் போட்டிருக்கிறான். என் மேல் கோபம், மிளகு மேல் பொறாமை, பழிவாங்குகிறான் என்றெல்லாம் நான் கட்டியிருந்த கதை பாதிக்கு மேல் அன்றைக்கே விழுந்தது.

இதற்குப் பிறகு செய்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். தரையில் இருந்த கூடைகள் எல்லாம் போயின. முறுக்கு டின், பழைய அரிசி டின், சம்படங்களில் மணியும் ஜரியும் ஏறிக்கொண்டன. சுவரில் ஐந்தடி உயரத்தில் ஆணி வரிசை. வாசலில் பை வந்ததும் திண்ணையிலேயே துணியை எடுத்து, மூடும் கவரில் போட்டு, ஆணியில் மாட்டிவிடுவேன். பையை அவர்களிடமே கொடுத்தனுப்பிவிடுவேன். பழைய கட்டில் பலகையில் முன்னறைக்கு ஒரு தடுப்புக் கதவு. நான் உள்ளே இருக்கும்போது மட்டும் அவனுக்கு அனுமதி, அதுவும் கயிற்றின் மறுமுனை என் இடுப்பில். மோந்துகொண்டே காலை மாற்றி நிற்பான், அந்த நொடியில் கை தட்டிக் கூப்பிட்டு வெளியே அழைத்துப் போய்விட வேண்டும். வெளியே போனதும் ஒரு பொரி உருண்டைத் துண்டு.

சாப்பிடும் இடத்தில் நாய் அசிங்கம் செய்யாது என்றார்கள். ஸ்டாண்டு காலுக்குப் பக்கத்தில் அவன் தட்டை வைத்தேன். உண்மைதான், அங்கே அதன் பிறகு வைக்கவில்லை. ஆனால் தயிர்ச்சோற்றுக்கு எறும்பு வந்து, எறும்பு ஜர்தோசி டப்பாவுக்குள் போய், அது வேறு கதை.

இடுப்புப் பட்டையும் தைத்தேன். ஆண் நாய்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டுவது. பழைய வேட்டித் துணி, உள்ளே நாப்கின், மேலே ஒட்டும் பட்டை. இடுப்பளவு பதினைந்து அங்குலம். நான் தைத்ததிலேயே கழுத்து டிசைன் கேட்காத ஒரே வாடிக்கையாளர் அவன்தான். பாப்பா ஓரத்தில் சம்கி வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள், வைத்தால் பிய்த்துத் தின்பான் என்று விடவில்லை. விருந்தாளி வரும் நாளில் மட்டும் கட்டுவேன். நனைந்ததும் மாற்றாவிட்டால் தோலில் புண் வரும். இது வைத்தியம் இல்லை, துணியைக் காப்பாற்றும் கவசம். அவ்வளவுதான்.

ஜவ்வுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்கத்தான் நாளாயிற்று. "பாவம், அவன் ஆம்பளை" என்று ஒரு வாரம் பேசினார். பட்டறையில் யார் என்ன சொன்னார்களோ, திடீரென்று அவரே ஆட்டோ பிடித்து வந்தார். மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: பல நாய்களுக்குக் குறையும், எல்லாவற்றுக்கும் நிற்காது. ஐந்து வயதில் பழகிப்போன பழக்கம், உடம்பில் ஹார்மோன் அடங்கவே வாரக்கணக்கில் ஆகும். அப்படியேதான் ஆனது. புரட்டாசிக்குப் பிறகு நன்றாகக் குறைந்தது. இப்போதும் மாதம் ஒன்றோ இரண்டோ உண்டு. மிளகு எட்டு மாதத்தில் முதல் முறை காலைத் தூக்கிப் பார்த்தான். தூக்கிய வேகத்தில் கீழே விழுந்தான். அடுத்த வாரமே அவனையும் கூட்டிப் போய்விட்டோம்.

ஒன்றைக் கவனித்தேன். டிசைனைப் பதிக்கக் கெரசின் போட்டு ட்ரேஸ் எடுத்த துணியை ஜவ்வு கிட்டேகூட வந்து மோந்ததில்லை. அதற்காக வீட்டில் கெரசின் தெளிக்கலாமா என்று என் தங்கை கேட்டாள். நாயையும் வீட்டையும் சேர்த்துக் கொளுத்த வேண்டுமானால் தெளிக்கலாம்.

அந்தக் காஞ்சிப் பட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பின் கழுத்துக்கு மூன்று மாங்காய் புட்டா பேசியிருந்தோம். கறை இருந்த இடத்தையும் சேர்த்து ஐந்து மாங்காயாக்கி, உள்ளே நெருக்கமாக நாட், அதாவது முடிச்சுத் தையல், போட்டு நிரப்பினேன். கூடுதல் வேலைக்குக் காசு வாங்கவில்லை. பெண்ணுக்கும் அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். கல்யாணத்தில் சொந்தக்காரப் பெண்கள் நாலு பேர் அதே டிசைன் கேட்டு என்னிடம் வந்தார்கள்.

அவர்களிடமும் எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன். தோள்பட்டை, மார்பு, கை நீளம், பின் கழுத்து இறக்கம் எழுதி முடித்ததும் நோட்டில் இன்னொரு கட்டம் உண்டு. "வீட்டுல நாய், பூனை ஏதாவது இருக்குதுங்களா?"

மூன்று பேர் இல்லை என்றார்கள். நாலாவது பெண் பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஏங்க்கா, வாசம் வருதா?" என்றாள்.